சிறிய எழுத்து

அம்பாசமுத்திரம் ஸ்டேஷன், டிக்கெட் ஜன்னல்.
நாள்முழுக்க மற்றவர் வயதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.
அறுபது என்று சொல்லக் கூசுகிறவர்கள்
கீழ்ப் படுக்கை கிடைக்குமென்றால்
உடனே இரண்டு கூட்டிக்கொள்வார்கள்.
எனக்கு ஐம்பத்தொன்று.
யாரும் கேட்டதில்லை.

போன பங்குனியில்தான் ஆரம்பம்.
வண்டி வருகிற அறிவிப்புக்கு நடுவே
அடிவயிற்றிலிருந்து ஒரு தீ கிளம்பி
கழுத்தைத் தாண்டிக் காதுக்குள் ஏறும்.
மூணு நிமிஷம்.
பத்து ரூபாய்த் தாள் விரலோடு ஒட்டிக்கொள்ளும்.
"எக்கா, ஃபேன் ஓடலியா?"
ஓடுகிறது.
எனக்குத்தான் கரண்ட் எகிறுகிறது.

ஹைகிரவுண்டில் லேடி டாக்டர் ரத்தம் பார்த்து
வைட்டமின் டி குறைவு என்றார்.
சிரித்துவிட்டேன்.
சித்திரையில் தார் உருகிச்
செருப்பைப் பிடுங்கிக்கொள்கிற ஊரில்
எனக்கு வெயில் போதவில்லையாம்.
வாரம் ஒரு மாத்திரை, கால்சியம், சாயங்கால நடை.
"மத்ததெல்லாம் தன்னால அடங்கும். அடங்கலன்னா வாங்க."
தன்னால் அடங்குகிற எதையும்
எங்கள் வீட்டில் நான் பார்த்ததில்லை.

ஆகவே பியூலா.
மூன்றாம் சனிக்கிழமை, பாபநாசம் பஸ்,
நகைக்கடைப் பைக்குள் வெள்ளை டப்பாக்கள்.
'சமநிலை' என்று பெயர், மேலே தாமரை,
அறுபது கேப்ஸ்யூல், ஆயிரத்து எண்ணூற்றைம்பது.
"ஹார்மோன்ங்கது தராசு மாதிரிக்கா.
ஒரு தட்டு எறங்குனா நாமதான் ஏத்தணும்."
சொல்லும்போதே அவள் மேலுதட்டில் வியர்வை.
முந்தானையால் துடைத்துக்கொண்டே விற்றாள்.
அதற்காகத்தான் வாங்கினேன் என்று வையுங்கள்.

டப்பாவை அரிசி டிரம்முக்குள் புதைத்தேன்.
கோமதிநாயகம் பார்த்தால்
"சவத்த, காசு கூடிப்போச்சோ" என்பார்.

அவருக்கு ஐம்பத்தாறு. மின்வாரியம்.
கொஞ்ச நாளாய் மீசைக்கு மை.
மாடிப்படியில் மூச்சு வாங்குவது கேட்காமலிருக்கச்
சீட்டி அடித்துக்கொண்டே ஏறுவார்.
கவனிக்காத மாதிரி இருப்பது
கல்யாணத்தில் பாதி வேலை.

லைன்மேனாய் இருந்தவர் வீட்டில்
ஒரு ராத்திரி ஃப்யூஸ் போனது.
ஒயர் தேடி அவர் டூல் பைக்குள் கைவிட்டேன்.
டெஸ்டர், இன்சுலேஷன் டேப்,
கருப்பு டப்பா.
மேலே சிங்கம். 'கேசரி'.
தின்கிற கேசரி இல்லை. ரெண்டாயிரத்து நூறு.
மூடியில் பியூலாவின் கோணல் கையெழுத்து:
காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.

நானும் போய் என்னுடையதை எடுத்து வந்தேன்,
அரிசி உதிர உதிர.
வாசலில் நின்றவர் ஒன்றும் பேசவில்லை.
டார்ச்சை மட்டும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தார்.

கண்ணாடி ஒன்றுதான் அகப்பட்டது.
யாருடையதோ. இப்போது இருவருக்கும் ஒரே பவர்.
அவர் மாட்டிக்கொண்டு தாமரையைப் படித்தார்,
கழற்றித் தந்தார், நான் சிங்கத்தை.
அமுக்கரா.
"இதுலயும்."
தண்ணீர்விட்டான் கிழங்கு.
"ம்."
துத்தநாகம். கருப்பு உளுந்துச் சாறு.
பெரியவளானபோது அம்மா உருட்டிக் கொடுத்த
உளுந்தங்களியைக்
கோழிக்கூட்டுக்குப் பின்னால் துப்பினவள் நான்.
"அந்தக் கோழியெல்லாம் நல்லா இருந்துச்சு" என்றேன்.
சிரித்தார், சீட்டி இல்லாமல்.

கடைசி வரி அரிசிக் குருணையைவிடப் பொடி.
'இது மருந்தல்ல.'
அதற்குமேல் படிக்கக் குனிந்ததில்
நெற்றிகள் முட்டிக்கொண்டன.

அந்த நேரம் பார்த்துத்தானா வரவேண்டும் அந்தத் தீ.
மீட்டர் அட்டையை எடுத்து விசிறினார்,
கை மாற்றி, கை மாற்றி,
மூணு நிமிஷமும்.

டப்பாக்கள் இரண்டும் இப்போது ஃபிரிஜ் மேல் நிற்கின்றன.
அவர் இன்னும் ஒன்றிரண்டு விழுங்குகிறார்.
நான் கேட்பதில்லை.
மை தீர்ந்தால் வாங்கிவைக்கிறேன்.

மூன்றாம் சனி, பியூலா.
பையைத் திறக்கவில்லை.
சென்னைக்கு ஒரு டிக்கெட் வேண்டுமாம், கீழ்ப் படுக்கை.
ஃபேனை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டு
வயசு என்ன என்றேன்.
நெற்றியைத் துடைத்தாள். பின்னால் வரிசை நீண்டது.
"நீங்களே போட்டுக்கோங்கக்கா."